விலகிச் சென்றவர்களையும் எண்ணுவோம்

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாலத்தின் கீழே, பீளமேட்டைக் கடந்ததும், ஹோப் காலேஜ் என்றொரு பேருந்து நிறுத்தம் வரும். அந்தப் பெயரில் அங்கே கல்லூரி எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து சேரும் மாணவர்கள், அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று என்னிடம் பலமுறை கேட்டதுண்டு. மேலே பாலத்துக்குப் பெயர் தந்தவரும், கீழே வெறும் பெயராக எஞ்சியிருக்கும் கல்லூரி தோன்றக் காரணமானவரும் ஒருவரே.

அந்த வழியாகச் செல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மனவுறுத்தல் உண்டு. பணி ஓய்வு பெற்ற புதிதில், வட்டாரத்தின் சிறந்த வேலையளிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு ஒன்றில் உறுப்பினராக இருந்தேன். இறுதிச் சுற்றில் இரண்டு நிறுவனங்கள் நின்றன. ஒன்று, பெரிய ஆலை. அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் விலகுவதில்லை. மற்றொன்று, சிறிய வார்ப்படப் பட்டறை. அங்கே சேருகிற இளைஞர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தங்குவதில்லை. பணியாளர் நிலைத்தன்மை என்ற தலைப்பின்கீழ் அந்தப் பட்டறைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் இட்டவர்களில் நானும் ஒருவன். விருது ஆலைக்குச் சென்றது.

பட்டறையிலிருந்து விலகியவர்களில் சிலர் சொந்தமாக லேத் போட்டு, தாங்களும் ஆள் வைத்து வேலை வாங்குகிறார்கள் என்பது ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பிழை மதிப்பீட்டுப் படிவத்தில் மட்டும் இல்லை. ஆண்டுக்கணக்கில் தொழிலாளர் பொருளாதாரம் கற்பித்த என்னிடமும் இருந்தது. அதை நான் உணர்வதற்குத் துணைநின்றது நாயுடுவின் வாழ்க்கை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். அவரது பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதுதான் அவரது வாழ்வின் முதல் திருப்பம். அப்படியொரு வண்டியைத் தானும் வாங்கிவிட வேண்டும் என்று கோவைக்கு வந்து உணவு விடுதியொன்றில் பரிமாறுபவராக வேலை பார்த்தார். சேர்த்த பணத்தில் வண்டியை வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதைப் பகுதி பகுதியாகக் கழற்றியதும் மீண்டும் பூட்டியதும்தான். பொறியியல் அவருக்கு அப்படித்தான் கைவந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். அந்தத் துணிவில் பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் இறங்கி, ஈட்டியதையெல்லாம் இழந்து ஊர் திரும்பினார். அந்த இக்கட்டான வேளையில் அவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவரது நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார் நாயுடு. அவரது திறமையைக் கண்டுகொண்ட ஸ்டேன்ஸ், அவரை ஊழியராகவே வைத்துக்கொள்ள முனையவில்லை. சொந்தமாகப் பேருந்து வாங்கக் கடனுதவி செய்து அனுப்பிவைத்தார். 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே நாயுடுவின் முதல் பேருந்து ஓடத் தொடங்கியது. அதை அவரே ஓட்டினார்.

இந்த நிகழ்வை வழக்கமாக நாயுடுவின் முன்னேற்றக் கதையின் ஓர் அத்தியாயமாகவே சொல்வார்கள். நான் அதை ஸ்டேன்ஸின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இன்றைய விருதுக் குழு எதுவும் ஸ்டேன்ஸுக்கு மதிப்பெண் தந்திருக்காது. நல்ல ஊழியர் ஒருவரைத் தக்கவைக்கத் தவறிய முதலாளி என்றே அவரது பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஒரு விலகலால் கோவை வட்டாரம் பெற்றதை எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது?

ஒற்றைப் பேருந்து நூற்றுக்கணக்கான பேருந்துகளாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அவரது நிறுவனம் யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தில் மக்களிடையே நிலைபெற்றது. நேரந்தவறாமைக்கும் ஒழுங்குக்கும் அது பெயர்பெற்றிருந்தது. ஒரு பேருந்து நாள்தோறும் ஓடவேண்டுமானால் ஓட்டுநரும் நடத்துநரும் மட்டும் போதாது. எந்திரம் பழுதுபார்ப்பவர், கடைசல் வேலை தெரிந்தவர், மின்கம்பி அறிந்தவர், கூண்டு கட்டுகிற தச்சர், கணக்கர் என ஒரு படையே வேண்டும். ஊருக்கு ஊர் தொழிற்பயிற்சி நிலையம் இல்லாத காலம் அது. பணிமனையே பள்ளிக்கூடமாக இருந்தாக வேண்டும்.

1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலிவாகக் கிடைத்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளைப் பெருக்கியது. ஆழக் கிணறுகளைக் கொண்ட வேளாண் நிலங்களுக்கும் இறவைக்கு வழிகாட்டியது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1937-இல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து மின்மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்ற பெருமை அதற்கு உண்டு. அந்த முயற்சியில் அவரோடு உழைத்த து. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நெசவு எந்திரங்களின் உதிரிபாகங்களுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த ஆலைகளுக்கு உள்ளூரிலேயே ஒரு பொறியியல் தொழில் உருவானது. ஸ்டேன்ஸிடமிருந்து நாயுடு, நாயுடுவிடமிருந்து பாலசுந்தரம். இன்று கோவையைச் சுற்றிப் பரவியிருக்கும் மோட்டார், பம்பு, வார்ப்படத் தொழில்களின் வரலாற்றில் இத்தகைய கிளைபிரிதல்கள் ஏராளம்.

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வாதத்தைத்தான் நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் பயிற்சியை இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் திறன் ஒன்று. எங்கு சென்றாலும் பயன்படும் பொதுத்திறன் மற்றொன்று. பொதுத்திறனுக்கான செலவை எந்த நிறுவனமும் ஏற்க விரும்பாது. கற்றுக்கொண்டவர் அதிகச் சம்பளம் தரும் இன்னொரு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டால், செலவு இங்கே, பயன் அங்கே என்றாகிவிடும். ஆகவே அந்தச் செலவு குறைந்த கூலி என்ற வடிவில் கற்பவரின் தலையிலேயே விழும். தனியொரு நிறுவனத்தின் லாபநட்டக் கணக்கைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் குறை காண முடியாது. ஆனால் ஒரு வட்டாரத்தின் கணக்கு வேறு. அங்கே சென்றவர் தொலைவதில்லை. அடுத்த தெருவில் உதிரிபாகம் செய்து தருபவராக, பழுதுபார்ப்பவராக, இன்னும் பத்துப் பேருக்குக் கற்றுத்தருபவராக அவர் திரும்பி வருகிறார்.

இந்தக் கணக்கை நாயுடு அறிந்தே செய்தார் என்பதற்கு அவரது பிற்கால வாழ்வே சான்று. 1944-இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகை, தம் பணியாளர்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குமான நலத்திட்டங்கள் ஆகியவற்றை அறிவித்தார். அவரது கொடையால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் கோவையில் உருவாயின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் 1945-இல் பொறியியல் கல்லூரியின் முதல்வர் பொறுப்பில் அமர்ந்தார்.

அங்கேதான் மோதல் எழுந்தது. பொறியியல் பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே ஆண்டுகளில் அதே பாடத்தைக் கற்பித்துவிட முடியும், மீதிக் காலம் இளைஞர்களின் வாழ்நாளில் வீண் என்பது நாயுடுவின் கருத்து. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் வகையில் வேலையும் படிப்பும் மாறிமாறி வரும் பாடத்திட்டம் ஒன்றையும் அவர் முன்வைத்தார். அரசு இவற்றை ஏற்கவில்லை. நாயுடு பதவியிலிருந்து விலகினார். 1950-இல் அந்தக் கல்லூரி தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. அவிநாசி சாலையில் பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆசிரியன் என்ற முறையில் இந்த வழக்கில் நான் முழுமையாக நாயுடுவின் பக்கம் நிற்க முடியாது. கணிதமும் இயற்பியலும் ஊறித் தெளியக் காலம் வேண்டும். மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் எல்லோரும் புதிய மோட்டாரை வடிவமைத்துவிட மாட்டார்கள். தம் அபூர்வமான கூர்மதியை எல்லா மாணவரிடமும் எதிர்பார்த்தது அவரது தவறு. ஆனால் அவரது இரண்டாவது யோசனையை நிராகரித்ததில் அரசு தவறியது. வேலையும் படிப்பும் இணைந்த சாண்ட்விச் படிப்புகள் பின்னாளில் இதே கோவையின் பொறியியல் கல்லூரிகளில் வந்தன. தொழிற்சாலைகள் பயிற்சியாளர்களை ஏற்றுக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு 1961-இல் சட்டமே இயற்றப்பட்டது. பட்டறையையும் வகுப்பறையையும் இணைப்பதைப் பற்றி நாம் இன்றும் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. கண்டிப்பானவர்; தமக்குச் சரியென்று பட்டதில் விட்டுக்கொடுக்காதவர். தேர்தலில் நின்று தோற்றார். வரிவிதிப்பின் மீதிருந்த கோபத்தில் தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். உடைத்ததால் வரிச்சட்டம் மாறவில்லை; பொருள்கள்தாம் போயின. உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, குறைந்த விலைச் சிற்றுந்து எனப் பலவற்றை முயன்றார். அவற்றுள் பல பெருந்தொழிலாக வளரவில்லை. அரசின் உரிமக் கட்டுப்பாடுகள் ஒரு காரணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்த அவரது இயல்பு இன்னொரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1967-இல் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். எந்திரங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடமாக அது அமைந்தது. 1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அவரது கண்டுபிடிப்புகளைப் பற்றியே பேசினார்கள். இன்றும் அவ்வாறே பேசுகிறோம். அவர் செய்த பொருள்களை எண்ணுகிறோம். அவர் நடத்திய தொழில்களிலும் தொடங்கிய கல்விக்கூடங்களிலும் கற்று வெளியேறியவர்களை எண்ணியதில்லை.

திறன் மேம்பாட்டுக்காக அரசு பெருந்தொகை செலவிடுகிறது. நான் முதல்வன் போன்ற திட்டங்கள் மாணவர்களைத் தொழில்களுடன் இணைக்க முயல்கின்றன. வரவேற்க வேண்டியவையே. ஆனால் வகுப்பில் பெறும் சான்றிதழ், ஒரு பட்டறையில் ஓராண்டு நின்று கற்பதற்கு ஈடாகாது. அவ்வாறு கற்றுத்தரும் சிறு முதலாளிக்கு இன்று கிடைப்பது என்ன? கற்றுக்கொண்ட இளைஞன் கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய ஆலைக்குப் போகிறான். ஆலைக்குப் பயிற்சிச் செலவு மிச்சம், விருதும் அதற்கே. பட்டறைக்காரர் அடுத்த ஆளைத் தேடுகிறார். இரண்டு, மூன்று முறை இப்படி நேர்ந்தபின் அவர் கற்றுத்தருவதையே நிறுத்திவிட்டால் அவர்மீது குறை சொல்ல முடியுமா? அப்படி நின்றுபோகும் ஒவ்வொரு பட்டறையோடும் வட்டாரத்தின் ஒரு பள்ளி மூடப்படுகிறது.

பயிற்சி தந்தவர்களுக்கு அந்தச் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்ய வேண்டும். பயிற்சி பெற்றவர் எங்கே வேலைக்குச் சென்றாலும் அந்த ஈட்டுத்தொகை கிடைக்க வேண்டும். இது அரசு செய்யக்கூடியது. தொழில் அமைப்புகள் செய்யக்கூடியது இதைவிட எளிது. விருதுக்கான படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: கடந்த பத்தாண்டுகளில் உங்களிடமிருந்து விலகியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? கூலி குறைவாலும் நடத்தை சரியில்லாததாலும் ஆட்கள் ஓடிப்போகும் நிறுவனங்களால் இந்தக் கேள்விக்குப் பெருமையோடு விடை எழுத முடியாது. கற்றுக்கொடுத்து அனுப்பியவர்களால் முடியும். இரண்டு வகை விலகல்களையும் பிரித்தறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு அதே குழுவிலிருந்து மீண்டும் அழைப்பு வந்திருக்கிறது. இந்தக் கேள்வியைச் சேர்த்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பாக அந்த வார்ப்படப் பட்டறைக்குச் சென்று உரிமையாளரைச் சந்தித்தேன். நான் இட்ட மதிப்பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய வாரம் வேலைக்குச் சேர்ந்திருந்த பையன் ஒருவனை என்னிடம் அறிமுகப்படுத்திவிட்டு, அவனுக்கு மணல் அச்சு எடுக்கக் காட்டிக்கொடுக்கச் சென்றுவிட்டார்.