துகள்களின் தடம் கண்ட ஹோமி பாபா

ஹோமி பாபா என்றவுடன் அணு உலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் காட்டித் தரும் கருவிகளின் வரலாற்றிலும் அவருக்குச் சிறந்ததோர் இடமுண்டு. அதனை அறிந்தபோது எழுந்த வியப்பே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் செல்வக் குடும்பமொன்றில் பாபா பிறந்தார். மகன் பொறியாளனாகி ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணிபுரிய வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். கேம்பிரிட்ஜ் சென்ற மகனின் மனமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் எனத் தந்தை இசைந்தார். 1930-இல் பாபா அவ்வாறே தேறினார். இயற்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்றும் எழுகிறது. பாபாவுக்குச் செல்வம் துணை நின்றது. ஆயினும் தேறிக் காட்டியது அவர் உழைப்பே.

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையை அவர் 1935-இல் கணக்கிட்டார். 1937-இல் ஹைட்லருடன் சேர்ந்து அண்டக் கதிர்ப் பொழிவை விளக்கினார். சந்தையில் நூறு ரூபாய்த் தாள் சில்லறையாவது போல, ஆற்றல் மிக்க ஒரு துகள் பல துகள்களாகப் பெருகுகிறது. எண்ணிக்கை கூடும், மொத்தத் தொகை மாறாது. சில்லறையை எண்ணினால் தாளின் மதிப்பு தெரிந்துவிடும்!

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தார், போர் மூண்டது, திரும்ப இயலவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமன் தலைமை தாங்கிய இயற்பியல் துறையில் சேர்ந்தார். ஏட்டில் கணக்கிட்டவர் இங்கே கருவி செய்யத் தொடங்கினார். வாயு நிரம்பிய குழாயின் நடுவே ஒரு கம்பி. துகள் ஊடுருவினால் மின்துடிப்பு எழும். இதுவே கைகர் எண்ணி. பல எண்ணிகளை ஒரே நேர்கோட்டில் வைத்து, அனைத்தும் ஒருசேரத் துடித்தால் ஒரே துகள் கடந்தது எனக் கொள்வர். இத்தகைய கருவியை, போருக்காக வந்திருந்த அமெரிக்க விமானத்தில் ஏற்றி, ஏறத்தாழ 30,000 அடி உயரத்தில் அளவெடுத்தனர்.

1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நம் சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியே சென்றடையும் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில், அந்நிறுவனத்தார் 1950-களில் ஆய்வைத் தொடங்கினர். களத்து மேட்டில் கடலையைச் சலிப்பது போல, தலைக்குமேல் இருந்த பாறை மற்றத் துகள்களைத் தடுத்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் சிக்கியது. ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் அதில் உடனுழைத்தனர்.

1966 ஜனவரி 24-இல் மான்ட் பிளாங்க் மலையில் விமானம் மோதி பாபா மறைந்தார். அம்மலையை ஜெனீவாவிலிருந்தே காணலாம். அந்நகரை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய மோதுகருவியில், எத்தனை மோதல்கள் நிகழ்ந்தன என்பதை அளக்க பாபாவின் 1935-ஆம் ஆண்டுக் கணக்கே துணை நின்றது. இன்று அங்குள்ள சி.எம்.எஸ். உணர்கருவியில் டாடா நிறுவனத்தார் பங்கேற்று உருவாக்கிய பகுதியும் உள்ளது.

தோழர்களே! நீட்டிய உள்ளங்கையை நொடிக்கு ஓரிரு அண்டக் கதிர்த் துகள்கள் துளைத்துச் செல்கின்றன. புதிய உணர்கருவிகளைச் சோதிக்க உலகெங்கும் இவற்றையே பயன்படுத்துகின்றனர். அவை ஜெனீவாவிலும் பொழிகின்றன. நாமக்கல் கடலைக் காட்டிலும் பொழிகின்றன. எண்ணிப் பார்க்கக் கருவி செய்யும் கைகளே வேண்டும். அக்கைகள் நம்முடையவையாகட்டும்!