ஆண்டர்சனின் பெஞ்சு

பட்டும் கோயிலும் பேசப்படும் காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் என்றால் பலருக்கும் ஒரு பள்ளிதான். எனக்கு அந்த மனிதரே முக்கியம்.

1805இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மறைப்பணியாளர் ஜான் ஆண்டர்சன், 1837 ஏப்ரலில் சென்னை ஆர்மீனியன் தெருவில் (நம் நாவில் அது அரண்மனைக்காரன் தெரு) வாடகை வீட்டில் 59 சிறுவர்களுடன் பள்ளி தொடங்கினார். அதுவே பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்தில் அதன் கிளை எழுந்தது.

மறு ஆண்டே சோதனை வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் இருவர் சேர்ந்திருந்தனர். அவர்களை நீக்க வேண்டும், இல்லையேல் தனி பெஞ்சிலாவது அமர்த்த வேண்டும் என்றனர் மேல்சாதியினர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணவர் பலர் வெளியேறினர். ஓராண்டே ஆன பள்ளிக்கு அது சிறிய இழப்பன்று. தனி பெஞ்சு என்பது யாரும் குறைகூறாத சமரசமாக இருந்திருக்கும். அதை மறுத்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிறரை நேசிப்பதைக் கிறித்தவம் முதல் அறங்களுள் வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அதைப் பேசுவது எளிது. திங்கட்கிழமை வகுப்பறையில், மாணவர்களை இழந்து கடைப்பிடிப்பது வேறு.

அவருடைய எல்லாம் எனக்கு உடன்பாடல்ல. இந்நாட்டுச் சமயங்களை அவர் இருளாகவே கண்டார். 1841இல் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது பள்ளி மீண்டும் வெறிச்சோடியது. பெற்றோரின் அச்சத்தை அவர் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1855இல், ஐம்பது நிறையுமுன், சென்னையிலேயே மறைந்தார்.

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கூறிய நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது 2024இல்.