கச்சு தைத்த கையில் அறிவுச் சுடர்!

1809-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8-ஆம் நாள். நியூயார்க் நகரையடுத்த கிரீன்விச் சிற்றூரில் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் கண்மூடினார். குவேக்கர் சபையாரின் இடுகாட்டில் தமக்கு ஆறடி நிலம் வேண்டுமென்று சாகுமுன்பே கேட்டிருந்தார், சபை மறுத்துவிட்டது. ஆகவே பல கல் தொலைவிலிருந்த அவருடைய சொந்தப் பண்ணைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தனர். உடன் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பிரெஞ்சு மாது, அவர் மகன், குவேக்கர் ஒருவர், கறுப்பினத் தோழர் இருவர். மாலை இல்லை, மரியாதை இல்லை, மக்கள் கூட்டம் இல்லை.

யார் அந்தக் கிழவர்? கேட்பாரற்றுத் தெருவில் விழுந்து செத்த அநாதையா? இல்லை, தோழர்களே! விடுதலை என்ற சொல்லை உரக்கச் சொல்ல அமெரிக்கா தயங்கி நின்ற நாளில் அதற்கு நெஞ்சுரம் ஊட்டியவர். இங்கிலாந்தின் முடியரசை நடுங்க வைத்தவர். பிரெஞ்சு மக்கள் தம் மாமன்றத்திற்கு விரும்பி அழைத்து உறுப்பினராக்கிக் கொண்டவர் - தாமஸ் பெயின்!

நன்றிகெட்ட உலகம் என்று பெருமூச்செறிந்துவிட்டு நாம் போய்விடலாகாது. அந்தச் சவ ஊர்வலத்தில் ஆளில்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் ஒரு புத்தகம். அதன் கதையை உழைக்கும் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், அந்தப் புத்தகத்தைவிட அதைப் படிக்கப் போகும் உழைப்பாளியைக் கண்டுதான் மேலிடத்தார் அதிகம் அஞ்சினார்கள்.

பெயின் பிறந்தது 1737-இல், இங்கிலாந்தின் தெட்போர்ட் என்ற ஊரில். தகப்பனார் சீமாட்டிகள் அணியும் இடைக்கச்சு தைத்துப் பிழைத்தவர். பையனுக்குப் பள்ளிக்கூடம் பதின்மூன்று வயதோடு சரி. பிறகு ஊசியும் நூலும்தான். ஆனால் தையலோடு நின்றுவிடவில்லை அவர் மனம். இளமையில் லண்டனில் இருந்தபோது, கையிற்கிடைத்த காசில் அவர் வாங்கியது பட்டுச் சட்டையல்ல; பூகோளமும் வானமும் காட்டும் உருண்டைகள் இரண்டு! வானநூல் சொற்பொழிவுகளைத் தேடிப் போய்க் கேட்டார். கச்சு தைப்பவனுக்கு வெள்ளிக் கிரகத்தின் போக்கு எதற்கு என்று எவரேனும் எள்ளி நகைத்திருக்கக்கூடும். எதற்கு என்பது பின்னால் தெரிந்தது.

கலால் வரி வசூலிக்கும் சிப்பந்தி வேலை கிடைத்தது. சம்பளமோ அரை வயிற்றுக்குப் போதாது. 1772-இல் சக சிப்பந்திகள் சார்பில் ஊதிய உயர்வு கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். வறுமையில் வாட்டிவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது முறையல்ல என்பது அதன் சாரம். பாராளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை பறிபோயிற்று, கடை ஏலம் போயிற்று, மனைவியும் பிரிந்தார். பெஞ்சமின் பிராங்ளின் கொடுத்த அறிமுகக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு, 1774 இறுதியில் பிலடெல்பியாவில் கரையேறினார்.

பதினான்கே மாதம்! 1776 ஜனவரியில் அவர் எழுதிய 'காமன் சென்ஸ்' வெளிவந்தது. மன்னனிடம் மன்றாடிக்கொண்டிருந்த குடியேற்ற மக்கள், மன்னனே எதற்கு என்று கேட்கத் தொடங்கினர். ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் பிறந்தது. அந்த நூலின் வருவாயைப் போராடிய சிப்பாய்களின் கையுறைக்கென்று கொடுத்துவிட்டவர் அவர்.

பின்னர் இங்கிலாந்து திரும்பி 1791-லும் 1792-லும் 'மனித உரிமைகள்' நூலை இரு பகுதிகளாக வெளியிட்டார். முதியோருக்கு உதவிப்பணம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி, செல்வருக்கு ஏறிச் செல்லும் வரி - இவையெல்லாம் கருணையல்ல, உரிமை என்று அன்றே எழுதினார். விலை அதிகமாயிருந்தவரை அரசு பொறுத்துக்கொண்டது. மலிவுப் பதிப்பு வந்து தொழிலாளர் கைக்குப் போனதும் ராஜத் துரோகம் என்றது! அவர் பிரான்சில் இருந்தபோதே லண்டனில் வழக்கு நடந்து தீர்ப்பும் ஆயிற்று.

பிரான்சிலோ, முடியரசை ஒழிக்க வாக்களித்த அதே பெயின், மன்னன் லூயியைக் கொல்ல வேண்டாம், நாடு கடத்துங்கள் என்று வாதாடினார். முடியாட்சியை எதிர்ப்பதும் ஒரு மனிதனின் தலையைக் கேட்பதும் வேறு வேறு என்றார். வெறி தலைக்கேறிய வேளையில் நிதானத்துக்கு ஏது மதிப்பு? 1793 டிசம்பர் 28-இல் அவரைக் கைது செய்தார்கள். சிறைக்குப் போகும் வழியில் ஒரு நண்பரிடம் கையெழுத்துப் படி ஒன்றை ஒப்படைத்தார். அதுதான் நாம் சொல்லவந்த புத்தகம் - 'பகுத்தறிவுக் காலம்'.

லக்சம்பர்க் சிறையில் பத்து மாதத்துக்கு மேல். கொல்லப்பட வேண்டியவர்களின் அறைக் கதவில் சுண்ணக்கட்டியால் குறியிடுவது அங்கே வழக்கம். இவர் அறைக்கும் குறியிட்டார்கள். ஆனால் கதவு வெளிப்புறமாகத் திறந்து சுவரோடு சாய்ந்திருந்ததால், குறி கதவின் உட்பக்கத்தில் விழுந்தது. இரவு கதவைச் சாத்தியதும் குறி மறைந்தது, தலை தப்பியது. இப்படித்தான் நடந்தது என்று பெயினே பின்னால் எழுதிவைத்தார்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருந்தது? கடவுள் இல்லை என்றா எழுதினார்? அதுவும் இல்லை! ஒரே கடவுள் உண்டு என்றுதான் முதலிலேயே அறிவித்தார். நம்மிற் பலர் அந்த இடத்தில் அவரோடு உடன்படமாட்டோம். ஆனால், நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவே அவர் எழுப்பிய கேள்விகளைப் பாருங்கள்.

கடவுள் ஒருவருக்கு ஏதோ வெளிப்படுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். அது அந்த ஒருவருக்குத்தான் வெளிப்பாடு. அவர் இரண்டாமவரிடம் சொல்லும்போது அது வெறும் கேள்விச் செய்தி. இரண்டாமவர் மூன்றாமவரிடம், மூன்றாமவர் பத்தாமவரிடம் சொல்லும்போது? பக்கத்து வீட்டுச் செய்தியைக்கூட விசாரிக்காமல் நம்பாத நாம், பல நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த செய்தியை மட்டும் விசாரிக்கலாகாது என்றால், அது என்ன நியாயம்? இதுதான் பெயின் வாதம்.

அடுத்தது இன்னும் ஆழமானது. ஏட்டில் எழுதியது ஒரு மொழியில் இருக்கும், பெயர்ப்பவன் பிழை செய்வான், படியெடுப்பவன் மாற்றுவான். எந்த மனிதனும் திருத்த முடியாத ஏடு இயற்கை ஒன்றே. முக்கோணத்தின் இயல்பை மனிதன் படைக்கவில்லை, கண்டறிந்தான். நெம்புகோலின் விதியை எந்தச் சபையும் தீர்மானம் போட்டு நிறைவேற்றவில்லை. அது முன்பே இருந்தது. ஆகவே விஞ்ஞானத்தைக் கற்பவன் மதத்தின் பகைவன் அல்லன். உண்மையான ஏட்டைப் படிப்பவன் அவனே. வானில் எண்ணற்ற உலகங்கள் சுழல்கின்றன என்று அறிந்தவனுக்கு, இந்த ஒரு சிறு உருண்டையை மட்டும் மையமாக்கிப் புனைந்த கதை எப்படிப் பொருந்தும்? இளமையில் வாங்கிய இரு உருண்டைகள் எதற்குப் பயன்பட்டன என்பது இப்போது புரிகிறதல்லவா!

இதைச் சொன்னவர் வெறும் ஏட்டுப் புலவரும் அல்லர். இரும்பினால் ஒற்றை வளைவுப் பாலம் அமைக்கும் முறைக்கு 1788-இல் உரிமம் பெற்றவர். பாலத்தின் பளு கணக்கில் பிழைத்தால், பிரார்த்தனை அதைத் தாங்கிப் பிடிக்காது என்பதைத் தம் தொழிலிலேயே உணர்ந்தவர்.

சீறி எழுந்தது சமய உலகம். 1796-இல் பிஷப் வாட்சன் மறுப்பு நூல் எழுதினார். நல்லது, கருத்துக்குக் கருத்து, அதை நாம் வரவேற்போம். ஆனால் மறுப்பைத் தாராளமாக விற்கவிட்டு, மறுக்கப்பட்ட நூலை விற்ற வில்லியம்ஸ் என்ற ஏழைப் புத்தகக்காரரை 1797-இல் தண்டித்தார்களே, அது எந்த வேதத்தின் நீதி? 1819-இல் ரிச்சர்ட் கார்லைல் இந்த நூலை மறுபடி அச்சிட்டதற்காகத் தண்டனை பெற்றார். அபராதம் கட்ட முடியாமல் ஆறாண்டு சிறையிலிருந்தார். அவர் மனைவி சிறை சென்றார். சகோதரி சிறை சென்றார். கடையில் வேலை பார்த்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்றனர். விற்பவர் முகம் தெரிந்தால்தானே சாட்சி சொல்வார்கள் என்று, கடையில் கடிகார முகம்போல் ஒரு வட்டம் அமைத்தார்கள். வாங்குபவர் முள்ளை நூலின் பெயருக்குத் திருப்பினால் போதும். மறைவிலிருந்து புத்தகம் வந்து விழும்! உண்மை தம் பக்கம் என்று உறுதியாக நம்புவோர், எதிர்க்கேள்வியைச் சிறையில் அடைப்பானேன்? அச்சம்தானே காரணம்!

1802-இல் பெயின் அமெரிக்கா திரும்பினார். நாத்திகர் என்ற வசை வரவேற்றது. பழைய நண்பர்கள் பாராமுகமாயினர். 1806-இல் நியூ ரோஷலில் வாக்களிக்கச் சென்றவரை, குடிமகனே அல்லர் என்று திருப்பியனுப்பினர். அந்த நாடு பிறக்கப் பேனா பிடித்தவருக்கு அங்கே வாக்கில்லை! மரணப் படுக்கையிலும் பாதிரிமார் வந்து மனம் மாறச் சொன்னார்கள். அவர் மாறவில்லை. மாறினார் என்று செத்த பிறகு கதை கட்டினார்கள்.

1819-இல் வில்லியம் காபெட் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து, நினைவுச் சின்னம் எழுப்ப இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சின்னம் எழவில்லை, எலும்புகளும் பிற்பாடு காணாமற் போயின. ஆனால் எழுத்து காணாமற் போகவில்லை. கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1847 வாக்கில் புனேயில் ஜோதிராவ் பூலே 'மனித உரிமைகள்' நூலைப் படித்தார். 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். கச்சு தைத்தவர் மகன் ஏற்றிய சுடர், தோட்டக்காரக் குடியில் பிறந்தவர் கைக்கு வந்தது!

தோழர்களே! ஒருவர் நம்புவது அவருரிமை. அதில் நாம் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கையின் பெயரால் கேள்வியைத் தடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. மன்னனைக் கேள்வி கேட்டபோது பெயினைப் பாராட்டியவர்கள்கூட, மதத்தைக் கேட்டபோது கைவிட்டார்கள். பாதி வழி வருபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முழு வழியும் நடக்கத் துணிபவர்களே நமக்கு வேண்டும். அதற்கு முதல் வேலை, வேலை முடிந்து திரும்பும் மாலையில் படிப்பகத்தின் கதவைத் திறப்பதுதான். ஒரு தையற்காரர் பிள்ளைக்கு முடிந்தது, நமக்கு ஏன் முடியாது?