கேரி கில்டால்: 64 கிலோபைட்டின் ஆசான்

கணிப்பொறி பயிலும் நம் மாணவர்க்குப் பில் கேட்ஸ் என்னும் பெயரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கேரி கில்டால் என்னும் பெயரையோ அத்துறை ஆசிரியர் சிலர்க்கும் அறிமுகம் செய்ய வேண்டியுள்ளது. நுண்கணிப்பொறிகளில் பரவலாக வழங்கிய முதல் இயக்க அமைப்பாகிய சிபி/எம் இவர் படைப்பே.

1942 மே 19ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கில்டால் பிறந்தார். அவர் குடும்பத்தார் அங்கே மாலுமிகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கணித ஆசிரியராக விரும்பி வாஷிங்டன் பல்கலைக்கழகம் புகுந்தவரைக் கணிப்பொறி ஈர்த்துக்கொண்டது. 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கற்பித்தார். இன்டெல் நுண்செயலிகளுக்குப் பிஎல்/எம் என்னும் மொழியை ஆக்கித் தந்ததும் அக்காலத்தேதான்.

அவர்முன் நின்ற இடர்ப்பாட்டை நாம் சற்று விரித்துக் காண்போம். இன்டெல் 8080 செயலி தொடக்கூடிய நினைவகம் 65,536 பைட்டுகளே. இயக்க அமைப்பு, நிரல், தரவு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். எட்டு அங்குல நெகிழ்வட்டோ ஏறத்தாழ நான்கு மடங்கு கொள்ளும். 77 தடங்கள், தடத்துக்கு 26 பகுதிகள், பகுதிக்கு 128 பைட்டுகள் என அது பகுக்கப்பட்டிருந்தது. சுழலும் வட்டிலிருந்து 32 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட் வரும். செயலி ஏறத்தாழப் பத்துக் கட்டளைகளை முடிப்பதற்குள் அடுத்த பைட் வந்துவிடும்; எடுக்கத் தவறினால் போயிற்று. நில்லாது செல்லும் இரயிலிலிருந்து மூட்டை இறக்குவது போன்ற வேலை! இதற்குரிய மின்சுற்றை நண்பர் ஜான் டொரோடு அமைத்துத் தர, 1974இல் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் சிபி/எம் இயங்கிற்று.

ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்சுற்றும் ஒவ்வொரு வகை. பொறிதோறும் அமைப்பு முழுவதையும் மாற்றி எழுதுவதோ? வன்பொருளைத் தொடும் பகுதியை மட்டும் கில்டால் தனியே பிரித்துப் பயாஸ் எனப் பெயரிட்டார். 1979இல் வந்த 2.2 பதிப்பில் அதற்கு 17 நுழைவாயில்களே இருந்தன. அவற்றை எழுதிக்கொண்டால் போதும். எஞ்சியது எப்பொறியிலும் மாறாது. அவர் செய்தவற்றுள் தலையாயது இதுவே என்பது நம் கருத்து.

நினைவகப் பங்கீடும் சிக்கனமானது. முதல் 256 பைட்டுகள் அமைப்புக்கு. அவற்றுள் பின்பாதியில் வட்டிலிருந்து வரும் 128 பைட்டுகள் இறங்கும். அதன்மேல் பயனர் நிரல். உச்சியில் இயக்க அமைப்பு. நிரலுக்கு இடம் போதாவிடில் கட்டளை பெறும் பகுதியையே அழித்துக்கொள்ளலாம். பணி முடிந்ததும் அது வட்டிலிருந்து மீண்டும் ஏறிக்கொள்ளும்.

1980இல் ஐபிஎம் நிறுவனத்தார் தேடி வந்தபோது கில்டால் விமானமோட்டி மகிழ்ந்திருந்தார் என்றொரு கதை உண்டு. தம் விமானத்தில் வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார் என்பதே உண்மை. உடன்பாடு கூடவில்லை. டிம் பேட்டர்சன் 8086 செயலிக்கு எழுதிய அமைப்பை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி ஐபிஎம்முக்கு அளித்தது. 1981இல் வந்த அந்த டாஸிலும் நிரலின் முன்னே அதே 256 பைட்டுகள். அவற்றின் பின்பாதியில் அதே 128 பைட் இறங்குதளம்! கில்டால் முறையிட, ஐபிஎம் இரண்டையும் விற்க இசைந்தது. விலை மட்டும் டாஸுக்கு 40 டாலர், சிபி/எம்-86க்கு 240 டாலர். வாங்குவோர் எதனை நாடியிருப்பர் எனச் சொல்லவும் வேண்டுமோ?

ஐபிஎம் பொறியின் ஒரு மெகாபைட்டில் நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட். அதிலும் டாஸ் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. 1990இல் கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட டிஆர் டாஸ் 5.0, தன்னில் பெரும்பகுதியை அவ்வெல்லைக்கு மேலே நகர்த்தி நிரல்களுக்கு இடம் விட்டது. மைக்ரோசாஃப்ட் அதனைச் செய்தது மறு ஆண்டில். அந்த 1991லேயே டிஜிட்டல் ரிசர்ச் நோவெல் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

தலையில் நேர்ந்த காயத்தால் 1994 சூலை 11ஆம் நாள், 52ஆம் அகவையில், மான்டரேயில் கில்டால் மறைந்தார். அவர் நிறுவனம் முன்பு இயங்கிய பசிபிக் குரோவ் இல்லத்தின் முன் 2014இல் ஐஇஇஇ கழகம் நினைவுப் பலகை பதித்தது.