கணக்குக் கேட்கப்பட்ட தொண்டு

தரங்கம்பாடிக்குச் சுற்றுலாவாகச் செல்வோர் பெரும்பாலும் டேனியர் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்தை வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் அரச முத்திரையைத் தாங்கி நிற்கும் அந்த ஆலயம் 1718 அக்டோபரில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த நான்கு மாதங்களில், அதைக் கட்டியவரையே அதனுள் அடக்கம் செய்ய நேர்ந்தது. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 36.

அவருடைய அச்சகத்தைப் பற்றியும் வேதாகம மொழிபெயர்ப்பைப் பற்றியும் நம்மவர் நிறையவே எழுதியிருக்கின்றனர். பொருளியல் படித்துப் பொருளியலையே பாடமாக நடத்தி ஓய்வுபெற்ற என்னை ஈர்த்ததோ, அவருடைய வாழ்வில் இடைவிடாமல் ஒலித்த ஒரு வழக்கு. சமயத் தொண்டுக்கு வந்த பணத்தை எதில் செலவிடுவது என்பதே அவ்வழக்கு.

1682-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்தவர் சீகன்பால்கு. இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலமும் அவருக்கு என்றுமே துணை நின்றதில்லை. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய அனாதை இல்லமும் பள்ளிகளும் அப்போது ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தன. பக்தி என்பது பள்ளிக்கூடமாகவும் மருந்தகமாகவும் அச்சுக்கூடமாகவும் உருவெடுக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே அவர் கண்ணாரக் கண்டார்.

டென்மார்க் மன்னரின் அழைப்பை ஏற்று, நண்பர் புளுட்சோவுடன் கப்பலேறி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தார். வரவேற்பு கசப்பாக இருந்தது. அனுப்பியவர் மன்னர், ஊரை ஆண்டதோ வணிகக் கம்பெனி. இந்தப் போதகர்களால் வாணிபம் கெடும் என்று கம்பெனியின் தளபதி ஹாசியஸ் அஞ்சினார். வணிக நோக்கில் அந்த அச்சம் நியாயமற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் அழகானது. முதியவரான ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் பொருள் சொல்லித் துணைநின்றார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதிப் பட்டியல் ஆக்கினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராகிவிட்டார்.

1708-இல் நேர்ந்த சிறைவாசத்துக்குக் காரணம் ஒரு கடன். தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவர் பட்ட கடன் தொடர்பாக, கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் அவருடைய விதவைக்கும் வழக்கு மூண்டது. அந்தப் பெண்ணுக்காகச் சீகன்பால்கு திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். தேவாலயத்திலேயே தளபதியின் முன் மண்டியிட்டு முறையிடும்படியும் அவளுக்கு ஆலோசனை சொன்னார். ஹாசியஸ் வெகுண்டார், விளக்கம் கேட்டு அழைத்தார், சீகன்பால்கு செல்ல மறுக்கவே கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதங்கள் கழிந்தன. விவிலியத்தில் விதவைகளையும் திக்கற்றோரையும் பற்றி வரும் கட்டளைகளை மேடையில் விளக்குவதோடு அவர் நின்றிருந்தால் ஒரு நாள்கூடச் சிறைப்பட்டிருக்கமாட்டார்.

சிறைக்குப் போவதற்குச் சற்று முன் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711-இல் முடித்தார். பனையோலையில் படியெடுக்கச் செலவும் அதிகம், காலமும் அதிகம். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சுப் பொறியை அனுப்பிவைத்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவ்வெழுத்துகளோ பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அதற்கு, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தையே உருக்கினராம். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பொறையாற்றில் ஆலையும் நிறுவினர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தமிழில் முதல் அச்சு நூல் இது என்று சிலர் எழுதுவது பிழை; அண்டிரிக் அடிகளார் 1578-லேயே தமிழை அச்சில் ஏற்றிவிட்டார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு என்பதே சரி. அதன் நடையை வீரமாமுனிவர் கடுமையாகச் சாடினார். இலக்கிய நோக்கில் அவர் சாடியதில் நியாயம் உண்டு. சீகன்பால்கு தெருவில் கேட்ட தமிழையே பெரிதும் நம்பினார்.

1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கேக்கு அது உவக்கவில்லை. அயல்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் பெட்டிக்குள் கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சாயிற்று. இந்து சமயத்தைச் சீகன்பால்கு பிழையென்றே கருதினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மறுக்க வேண்டியதை முதலில் நேர்மையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுங்கு அவரிடம் இருந்தது.

அவரை உண்மையில் வீழ்த்தியது எதிரிகளின் பகை அன்று. 1714-இல் கோபன்ஹேகனில் அமைந்த அருட்பணி மன்றத்தின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட், பக்தியில் எவருக்கும் குறைந்தவரல்லர். அப்போஸ்தலர்கள் பையும் காசுமின்றிப் புறப்பட்டனர் என்பது அவருடைய வாதம். பள்ளிகளும் பிள்ளைகளுக்குச் சோறும் கட்டடங்களும் போதகரின் வேலையல்ல. நற்செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதுதான் என்றார். கணக்கு கேட்டு எழுதிய கடிதங்களில் கண்டனம் தொனித்தது.

சீகன்பால்கும் தோழர் குருண்ட்லரும் அனுப்பிய மறுமொழியின் சாரம் இது. ஆன்மாவுக்குச் செய்யும் தொண்டையும் உடலுக்குச் செய்யும் தொண்டையும் பிரிக்க முடியாது. ஆன்மா உடலுக்குள்தான் குடியிருக்கிறது. பசித்த பிள்ளைக்கு எழுத்தறிவிக்கச் சோறும் வேண்டும், கூரையும் வேண்டும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்து, ஆசிரியர்களையும் பயிற்றுவித்துக்கொண்டிருந்த இருவர் வேறெவ்வாறு எழுதியிருக்க முடியும்? நன்கொடையாளரும் களப்பணியாளரும் இன்றும் நடத்தும் வாக்குவாதம் இதுவேதான். வெண்டின் பக்கமும் சிறிது வலு உண்டு: வெளிநாட்டுப் பணத்தில் எழும் நிறுவனம் பணம் நின்றதும் ஆட்டம் காணும். ஆனால் அவர் அதைச் சொன்னது தரங்கம்பாடியை ஒருமுறைகூடக் காணாமல்.

அக்கடிதங்கள் வந்த நாள்களில் சீகன்பால்கு ஏற்கெனவே நோயுற்றிருந்தார். மனம் முறிந்தது. மனைவி மரியா டோரோத்தியா அருகிலிருக்க அவர் கண்மூடினார். மறு ஆண்டே குருண்ட்லரும் காலமானார். பழைய ஏற்பாட்டில் சீகன்பால்கின் தமிழாக்கம் ரூத் நூலோடு நின்றிருந்தது; பிழைக்க வழியின்றிப் பிறர் வயலில் கதிர் பொறுக்கிய விதவையின் கதை அது. எஞ்சியவற்றைப் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்தார்.