தமஸ்கு நகரின் அடைக்கலம்: அமீர் அப்துல் காதிர்

தமஸ்கு என்றவுடன் பவுலடியார் தங்கியிருந்த நேர்த்தெருவே நம்மவர் நினைவிற்கு வரும். அத்தெருவின் கீழைக்கோடியை ஒட்டியே அந்நகரக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்தனர். 1860-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அக்குடியிருப்பு எரிந்து சாம்பராயிற்று. அன்று அங்கிருந்தோரிற் பல்லாயிரவர் உயிர் பிழைத்தமைக்குக் காரணராயிருந்தவர், கிறிஸ்தவ அரசொன்றினால் தம் நாட்டை இழந்து, அதன் சிறையிலும் கிடந்த ஒரு முஸ்லிம் பெரியார்.

அப்துல் காதிர் 1808-இல் அல்ஜீரியாவின் மேல்பாலுள்ள மஸ்காரா நகருக்கு அணித்தானதோர் ஊரிற் பிறந்தார். தந்தையாராகிய முஹ்யித்தீன், காதிரிய்யா என்னும் ஞானநெறியின் குரு. தமிழ் முஸ்லிம்கள் முகியித்தீன் ஆண்டவர் எனப் போற்றும் பகுதாது நகரத்துப் பெரியாரின் நெறியும் இதுவே. ஓதுதலும் தியானமுமே தம் வாழ்வாகும் என்று இளைஞர் எண்ணியிருந்த காலத்தே, 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. இரண்டாண்டு கழித்து அண்டைக் குலத்தார் கூடி இவரைத் தம் தலைவராகிய அமீராக ஏற்றனர். அப்போது இவர்க்கு அகவை இருபத்துநான்கு.

அதன்பின் பதினைந்தாண்டு நிகழ்ந்த போரை ஈண்டு விரிக்கப் புகின் இடம் போதாது. ஒன்று மட்டும் கூறுவேன். பிடிபட்ட பகைவரைக் கொல்லலாகாதென்றும் துன்புறுத்தலாகாதென்றும் இவர் தம் படைஞர்க்குக் கட்டளையிட்டிருந்தார். 1841-இல் அல்ஜியர்ஸ் பேராயர் துப்புய்ச் என்பார் வேண்டியதற்கிணங்கிச் சிறையாளரை மாற்றிக்கொண்டார். எனினும் 1846-இல் அமீர் தொலைவிலிருந்தபோது, அவர்தம் பாளையத்தே இருந்த பிரெஞ்சுச் சிறையாளர் பலர் கொல்லப்பட்டனர். அவர் கட்டளையிட்டிலராயினும் அப்பழி அவரை விடாது தொடர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் பிரெஞ்சுப் படையினர் தாரா மலைக்குகையிற் புகுந்திருந்த பெண்டிரையும் மக்களையும் புகையிட்டுக் கொன்றனர் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

1847 டிசம்பரில், கீழைநாடொன்றிற்கு அனுப்பப்படுவோம் என்ற உறுதிமொழியை நம்பி அமீர் சரணடைந்தார். பிரெஞ்சு அரசு அவ்வுறுதியைக் காவாது, துலோன், போ, அம்புவாஸ் என்னும் ஊர்களில் அவரை ஐந்தாண்டு காவலில் வைத்தது. அம்புவாஸ் கோட்டையில் அவருடன் வந்தோருள் இருபத்தைவர் இறந்தனர். முன்பு சிறையாளரை மாற்றிக்கொண்ட அப்பேராயரே இவர் விடுதலைக்காக நூலொன்று எழுதி வாதாடினார். 1852-இல் விடுதலை பெற்ற அமீர், துருக்கியிலுள்ள புர்சாவில் மூன்றாண்டு வாழ்ந்து, 1855-இல் தமஸ்கு சேர்ந்தார்.

அக்காலத்துச் சிரியாவோ உட்புகைந்து கொண்டிருந்தது. 1856-இல் சுல்தான் எல்லாச் சமயத்தாரும் சமமென ஆணையிட்டார். பழைய மேன்மை போயிற்றேயென்று முஸ்லிம்கள் பலர் புழுங்கினர். ஐரோப்பிய வணிகத்தாற் கிறிஸ்தவருட் சிலர் செல்வரானமை அப்புழுக்கத்தை மிகுவித்தது. 1860-இல் லீபனோன் மலையில் துரூசியரும் மரோனியரும் பொருதனர். வீடிழந்த கிறிஸ்தவர் தமஸ்குவில் வந்து குவிந்தனர். வரவிருந்த கேட்டை அமீர் முன்னுணர்ந்து ஆளுநர் அகமது பாஷாவைப் பன்முறை எச்சரித்தார்; பயனில்லை. ஆதலின் பிரெஞ்சுத் தூதரகத்தின் உதவியால், தம்மைப் பின்பற்றி வந்த அல்ஜீரியர்க்கு ஆயுதம் தேடிவைத்தார்.

தெருவிலே சிலுவைக்குறி வரைந்து கிறிஸ்தவரை இழிவுசெய்த முஸ்லிம் சிறுவர் சிலரை, விலங்கிட்டுத் தெருக்கூட்டும்படி ஆளுநர் தண்டித்தார். அதனைக் கண்டு ஜூலை 9-ஆம் நாள் கூட்டம் கொதித்தெழுந்தது. கொள்ளையும் கொலையும் ஒரு வாரம் நீடித்தன, காவற்படையினர் தடுத்திலர். அமீரோ தம் ஆட்களுடன் எரியும் தெருக்களிற் புகுந்து, வெளிவருவோர்க்கெல்லாம் அடைக்கலம் உண்டெனக் கூவியழைத்தார். தூதர்களும் கன்னியரும் அவர் காப்பிலிருந்த குழந்தைகளும் அவர் மனையை நிறைத்தனர். மனை கொள்ளாமற் போகவே, தம் அல்ஜீரியரைக் காவலாக்கி மக்களைக் கூட்டங்கூட்டமாக நகரக் கோட்டைக்கு அனுப்பினார். உயிருடன் கொணரப்படும் ஒவ்வொரு கிறிஸ்தவர்க்கும் ஐம்பது பியாஸ்தர் தருவதாக அறிவித்தார் என்றும் கூறுவர். கொலைஞர் அவர் வாயிலுக்கே வந்து கிறிஸ்தவரைக் கேட்டபோது, தம் படையினர் ஒருவர் உயிருடன் உள்ளவரை கொடுப்பதில்லை என்று மறுத்து நின்றார். மிதான் பகுதி முஸ்லிம் தலைவர்களும் தம்மை அடுத்திருந்த கிறிஸ்தவரைக் காத்தனர். அவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

பின்னர் இஸ்தம்பூலிலிருந்து வந்த புவாத் பாஷா விசாரணை நடத்தி, ஆளுநர் உள்ளிட்ட பலரைக் கொல்வித்தார். பிரெஞ்சு அரசும் போப்பும் அமீருக்கு விருதளித்தனர். அமெரிக்கத் தலைவர் லிங்கன் கைத்துப்பாக்கி இரண்டு அனுப்பினார். பிரெஞ்சு அரசு தந்துவந்த உதவிப்பணத்திற்காகவே இவர் இதனைச் செய்தார் என்பாரும் உளர். பணத்திற்காக ஒருவர் தம் மக்களையும் மனையையும் கொள்ளிக்கு நடுவே நிறுத்துவாரா என்பது அடியேனுக்கு விளங்கவில்லை. நன்றி கூறிய அல்ஜியர்ஸ் பேராயர்க்கு அவர் விடுத்த மறுமொழியில், தம் மார்க்கத்தின் சட்டமும் மாந்தர்க்குரிய உரிமையும் ஏவியதையே தாம் செய்ததாகக் குறித்தார். ருஷியரோடு பொருது சிறைப்பட்டிருந்த இமாம் ஷாமிலும் அவரைப் பாராட்டி எழுதினார்.

எஞ்சிய ஆண்டுகளை ஓதுதலிலும் கற்பித்தலிலும் கழித்து, 1883 மே 26-இல் அமீர் தமஸ்குவிற் காலமானார். ஞானி இப்னு அரபியின் அருகே அடக்கப்பெற்ற அவர் உடல், அல்ஜீரியா 1962-இல் விடுதலையடைந்த பின்னர்த் தாய்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அம்புவாஸில் இறந்த இருபத்தைவரோ இன்னும் அக்கோட்டைத் தோட்டத்திலேயே துயில்கின்றனர்.