வெறுங்கால் யாத்திரீகர் யோசேவாஸ் அடிகள்

கத்தோலிக்கத் திருச்சபையார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை புனித ஆண்டு ஒன்றைக் கொண்டாடி வருகின்றனர். 1300ஆம் ஆண்டில் எட்டாம் பொனிப்பாசியார் என்னும் பாப்பரசர் தொடக்கிவைத்த இவ்வழக்கு, முதலில் நூறாண்டுக்கு ஒருமுறை என நியமிக்கப்பட்டு, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 25 ஆண்டு என்னும் எல்லைக்கு வந்து நின்றது. அவ்வாண்டிலே மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து உரோமாபுரியின் பேராலயங்களைத் தரிசிப்போர் பரிபூரண பலனை அடைவர் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கையைத் துணையாகக் கொண்டு ஐரோப்பிய மக்கள் மலைகளையும் ஆறுகளையும் கால்நடையாகக் கடந்து சென்றனர். புனித ஆண்டு என்றால் நடை என்று பொருள்படும் அளவுக்கு இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

கால்நடை யாத்திரை என்பது ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்களுக்குப் புதிய செய்தியன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார்கள் திருக்கோணமலையைக் கடந்து, கொட்டியாரக் குடாவின் தென்புறமாக இறங்கி, வெருகல் முருகன் சந்நிதியில் இளைப்பாறிச் செல்வதை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றனர். 2006ஆம் ஆண்டுப் போரின்போது இதே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தெற்கு நோக்கி நடந்து சென்றதும் உண்டு. நேர்த்திக்காக நடக்கும் நடை ஒன்று. உயிர்காக்க நடக்கும் நடை மற்றொன்று. இவ்விரு நடைகளையும் ஒருங்கே தம் வாழ்வாக்கிக்கொண்ட ஒருவர் இத்தீவிலே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவரே யோசேவாஸ் அடிகள்.

1651ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரிலே அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாம் வாஸ். தாயார் மரியா தெ மிராந்தா. அறுவர் பிள்ளைகளுள் மூன்றாமவர் அவர். கொங்கணி வீட்டுமொழி, போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்ற மொழிகள். கோவாவில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியிலும் தோமினிக்கன் சபையாரின் கலாசாலையிலும் பயின்றார். உரோமையிலே புனித ஆண்டு கொண்டாடப்பட்ட 1675ஆம் ஆண்டில் அவருக்குத் தியாக்கோன் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு குருவானார். குருவான பின் அவர் முதலிற் செய்த காரியம் காலணியைக் கழற்றியதே. ஏழை மக்கள் வெறுங்காலுடன் நடக்கும் நாட்டிலே, தாமும் அவ்வாறே நடத்தல் வேண்டுமென அவர் துணிந்தார். அத்துணிவை இறுதிவரை அவர் கைவிடவில்லை.

கன்னடக் கரையிலே சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1685ஆம் ஆண்டு பழைய கோவாவில் நாட்டுக் குருக்கள் சிலர் தொடங்கியிருந்த ஒரத்தோரியன் குழுவிற் சேர்ந்தார். உரோமை நகரத்துப் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய குழு அது. 1550ஆம் ஆண்டுப் புனித ஆண்டிலே உரோமைக்கு நடந்து வந்த ஏழை யாத்திரீகர்க்கு உண்ண உணவும் படுக்க இடமும் தந்து, அவர்தம் புண்பட்ட பாதங்களைக் கழுவும் தொண்டை முன்னின்று நடத்தியவர் அந்நேரியார். ஆகவே யாத்திரீகரைப் பேணுதல் என்பது யோசேவாஸ் அடிகள் ஏற்ற ஒழுங்கின் வேரிலேயே இருந்தது. யாத்திரீகர் தம்மை நாடி வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. வரமுடியாதவரை நாடித் தாமே புறப்பட்டார் என்பதுதான் வேறுபாடு.

அந்நாளில் இலங்கையின் நிலை யாது? 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிக் கரையோர ஆட்சியைக் கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்தோர் கடுந்தண்டனைக்கு உரியராயினர். கோயில்கள் கல்வினிய சமயத்தவர் கைக்கு மாறின. சுமார் 30 ஆண்டுகளாகப் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, இறப்போர்க்கு அவஸ்தைப்பூசுதலுமின்றி அம்மக்கள் வாழ்ந்தனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு சிறு கூட்டத்தார் அதனைச் சுமந்துகொண்டு காட்டுவழியாக நடந்து மருதமடுவைச் சேர்ந்தனர் என்பது வன்னிநாட்டு வரலாறு. இன்று இலட்சக்கணக்கானோர் திரளும் மடுத் திருப்பதி, அகதிகள் சிலரின் கால்நடையிலே தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

இச்செய்திகள் கோவாவை எட்டியபோது அடிகளின் உள்ளம் அமைதியிழந்தது. 1686ஆம் ஆண்டு அவர் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவரே. மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடியை அடைந்து, குருவென அடையாளங்காட்டும் உடையைக் களைந்து, கூலியாள் கோலம் பூண்டு 1687ஆம் ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். கடற்பயணத்திலே நோய் அவரை வாட்டியது. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. முகமறியாத மக்களின் இரக்கமே அவரைப் பிழைக்கவைத்தது.

உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். பிச்சை வெளிக்காரணம், தேடல் உட்காரணம். செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மலர்கின்றதோ, அவர் மறைவிலே வாழும் கத்தோலிக்கர் என அறிந்துகொள்வார். இவ்வாறு ஒவ்வொருவராகக் கண்டறிந்து, சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, இரவிலே பூசை நிகழ்த்திப் பகலிலே மறைந்து வாழ்ந்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே போதித்தார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்த அதிகாரிகள் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டனர். முந்நூறு பேரளவிற் கைதாயினர். பெரும்பாலோர் தண்டம் இறுத்து மீண்டனர். சிலர் சவுக்கடிபட்டுச் சிறையிலே மடிந்தனர். அடிகள் தப்பினார். ஆயினும் தம்மைக் காத்தமையாற் பிறர் துன்புறுவதைக் கண்ட ஒருவனுக்குத் தப்புதலும் ஒரு தண்டனையே. தாம் தொடர்ந்து தங்கினால் மக்களுக்கே இடர் விளையுமென உணர்ந்து, ஒல்லாந்தர் ஆணை செல்லாத கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்கு 1690ஆம் ஆண்டிற் பெயர்ந்தார்.

1692ஆம் ஆண்டு தலைநகராகிய கண்டியை நோக்கி நடந்தார். அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என அரசவையிலிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர் கூறிய குற்றச்சாட்டினால், நகரை அடையுமுன்பே பிடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். சிறைக்காலத்திலே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபின் சிறை வளவிலேயே ஓலைக்குடில் ஒன்று கட்டி அதனைக் கோயிலாக்கினார். கண்டி நகரத்துக் கத்தோலிக்கர் அங்குதான் நெடுநாட்களுக்குப் பின் பூசை கண்டனர். அடிகளின் நடை தடைப்பட்ட காலத்தில் மக்கள் அவரிடம் நடந்து வந்தனர். நாட்டிலே வறட்சி மிகுந்தபோது அவர் வேண்டுதல் செய்ய மழை பொழிந்ததாகவும், அது முதல் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பு அவர்பால் வளர்ந்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். காரணம் எதுவாயினும், பௌத்த மன்னனொருவன் வேற்றுச் சமயக் குருவானவருக்குத் தன் நாட்டிலே உலாவ உரிமை அளித்தான் என்பது வரலாறு போற்றும் உண்மை.

1697ஆம் ஆண்டு கண்டியைப் பெரியம்மை நோய் பற்றியது. மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோர் காட்டிலே கைவிடப்பட்டனர். அடிகள் அகலவில்லை. குடிசைகள் அமைத்து நோயாளரைக் கிடத்திக் கஞ்சி ஊட்டினார், புண்ணைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையால் அடக்கஞ்செய்தார். சமயம் எது, சாதி எது என்ற விசாரணை அங்கே எழவில்லை. நேரியாரின் மக்கள் உரோமையிலே யாத்திரீகரின் பாதங்களைக் கழுவினர். அவ்வொழுங்கைச் சார்ந்த இவரோ, எங்கும் செல்லமாட்டாது வீழ்ந்து கிடந்தோரின் உடலைக் கழுவினார்.

இதற்கிடையே கோவாவிலிருந்து மேலும் சில குருமார் வந்து சேர்ந்தனர். கொச்சி ஆயரின் பதிற்குருவாக நியமிக்கப்பட்ட அடிகள், தீவின் பல பாகங்களுக்கும் நடந்தார். யானைக் காடுகளும், அட்டை நிறைந்த மலைச்சரிவுகளும், மாரியிலே பெருக்கெடுக்கும் ஆறுகளும் அவர் வழியிற் குறுக்கிட்டன. கிழக்குக் கரைக் கத்தோலிக்கர் தம் நாட்டுக்கும் அவர் வந்து சென்றார் என்னும் நினைவைப் போற்றி வருகின்றனர். 1660ஆம் ஆண்டிலே ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதும் கொட்டியாரக் கரையிலேதான். அந்நியன் ஒருவன் இக்கரையில் நடமாடுவது அக்காலத்தில் எத்துணை ஆபத்தானது என்பதற்கு அதுவே சான்று.

1700ஆம் ஆண்டு மீண்டும் ஒரு புனித ஆண்டு. பன்னிரண்டாம் இன்னொசெந்தியார் அதனைத் தொடக்கி, அது முடியுமுன்னரே காலமானார். பதினோராம் கிளமெந்தியார் அவருக்குப் பின் வந்தார். உரோமையின் திருக்கதவு திறந்திருந்த அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கனொருவன் அங்கு செல்வதெங்ஙனம்? தன் ஊர்க் கோயிலின் கதவே அவனுக்கு அடைபட்டிருந்ததன்றோ? அவனுக்குக் கிடைத்த புனித ஆண்டு, இரவிலே தன் குடிசைப் படலைக்கு வந்து நின்ற ஒரு குருவானவரின் காலடி ஓசையே எனலாம்.

1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள், தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்றுத் தேவ அருள்வேத புராணம், வியாகுலப் பிரசங்கம் முதலிய நூல்களை இயற்றினார். கால் செல்ல முடியாத இடங்களுக்கு ஏடு சென்றது. ஆயர் பதவி தம்மைத் தேடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்த யோசேவாஸ் அடிகள், உடல் நலிந்து 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 59. தாயகத்தை விட்டுப் புறப்பட்ட பின் 24 ஆண்டுகளாக அவர் கோவாவுக்குத் திரும்பவேயில்லை.

கண்டியில் அவர் அடக்கஞ்செய்யப்பட்ட கோயில் பின்வந்த மன்னர் காலத்தில் அழிந்தது. அவர் கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. வாழ்நாளெல்லாம் யாத்திரையாய்க் கழித்தவருக்கு யாத்திரை செல்வதற்கென ஒரு சமாதி இல்லை. 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவர் எனவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனவும் கொழும்பு காலிமுகத் திடலிற் பிரகடனஞ்செய்தனர். பிரான்சிஸ் அன்று மாலையே மடுத் திருப்பதிக்கும் சென்று, போரிலே துன்புற்ற மக்களோடு செபித்தார்.

அதே பிரான்சிஸ் தொடக்கிவைத்த 2025ஆம் ஆண்டுப் புனித ஆண்டும், 1700ஆம் ஆண்டிற் போன்றே, தொடக்கியவர் கையால் முடியவில்லை. அவர் 2025 ஏப்பிரல் 21ஆம் நாள், யோசேவாஸ் அடிகளின் பிறந்தநாளன்றே, காலமானார். பதினான்காம் லியோ 2026 ஜனவரி 6ஆம் நாள் திருக்கதவை மூடினார். அந்த யூபிலியின் தொடக்கத்திலே பிரான்சிஸ் உரோமை நகரச் சிறையொன்றிலும் திருக்கதவைத் திறந்துவைத்தார். மறைமாவட்டங்களிலோ, ஓர் ஆலயத்திற் கூடிய மக்கள் அங்கிருந்து பேராலயத்துக்குப் பவனியாக நடந்து சென்று புனித ஆண்டைத் தொடங்குதல் வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தது. சிறையிலே கோயில் கண்டவரும், நடையையே வழிபாடாக்கியவருமாகிய கண்டித் துறவிக்கு இவ்விரண்டும் அந்நியமாய்த் தோன்றியிரா.

யாத்திரை செல்வோர் தரிசனம் முடிந்ததும் வீடு திரும்புவர். யோசேவாஸ் அடிகளுக்குத் தரிசனம் வழியிலேயே கிடைத்தது. நோயாளியின் பாயும், கைதியின் சங்கிலியும், அஞ்சி வாழ்ந்த குடும்பத்தின் அணைந்த விளக்கும் அவர் தரிசித்த திருத்தலங்கள். புனித ஆண்டுகள் வந்து போகும். திருக்கதவுகள் திறந்து மூடும். நடக்க இயலாதவன் வாசலுக்கு நடந்து செல்லும் பாதங்கள் உள்ளவரை அந்த யாத்திரை முடிவதில்லை.